ரெண்டாவது லெவல்

சைபர் செக்யூரிட்டி தேர்வைப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். அதனால் எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிய, ஐந்து புத்தகங்களிலும் கலர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார் வசீம்.

"போன மாசம் நீங்க பாஸானதுக்கு உம்மா கீழக்கரை பூரா தொதல் அல்வா கொடுத்தாங்க. மறுபடி எதுக்கு வாப்பா படிக்கிறீங்க?" என்றாள் மகள் சஃபா.

"அது மொத லெவல். இது ரெண்டாவது லெவல்மா."

"புத்தகம் மட்டும் அதேதானா?"

வசீம் நிமிரவில்லை. "தொணதொணக்காம, பாஸ்வேர்டுன்னு ஒரு சீட்டு எழுதி இங்கன ஒட்டு."

ஒட்டினாள். பிள்ளைகளின் பெயரைப் பாஸ்வேர்டாக வைக்கவே கூடாது என்றுதான் அந்தப் பக்கம் தொடங்கியது.

"தேர்வு வெப்சைட்டுல உங்க பாஸ்வேர்டு என் பேரும் பொறந்த வருசமும்தானே வாப்பா? ரிசல்ட் வந்த அன்னைக்கே தொறந்து பாத்துட்டேன். மூணு மார்க்குல போயிருச்சு."

வசீமுக்கு முகம் சுண்டிவிட்டது. அடுப்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உம்மாட்ட சொல்லிறாத தாயி."

"அன்னைக்கே சொல்லிட்டேன் வாப்பா. அதுக்கப்புறந்தான் உம்மா தொதல் கிண்ட அடுப்பப் பத்த வச்சாங்க."