மனதில் நின்ற எண்

"யாருக்காவது போன் பண்ணிச் சொல்லணும்ங்கய்யா. ஒரு நம்பர் சொல்லுங்க."

நர்ஸ் தன் கைபேசியோடு கட்டிலருகே நின்றாள்.

அவர் கண்ணை மூடி யோசித்தார்.

பேருந்து நிலையத்துப் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தூக்கிவிட்ட கூட்டத்தில் கைபேசி போய்விட்டது. மகன் நம்பர் அதில்தான். பக்கத்து வீட்டுக்காரர் நம்பரும் அதில்தான். பெயரைத் தொட்டால் மகன் பேசுவான். எண்ணை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு எண்தான் வந்தது.

லாரி ஓட்டிய காலம். வீட்டில் மனைவி பூங்கோதையிடம் கைபேசி இருந்தது, அவரிடம் இல்லை. நாக்பூர், இந்தூர், கட்டாக். வண்டி நிற்கிற ஊரிலெல்லாம் சாயங்காலம் டெலிபோன் பூத்தைத் தேடிப் போய் அந்தப் பத்து எண்களை அழுத்துவார்.

ஆறு வருஷம்.

பிறகு பூங்கோதை பிரிந்து போனாள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது.

அதன்பின் ஒருமுறைகூட அழைத்ததில்லை.

மறந்துவிடத்தான் பார்த்தார். மறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஐயா?"

"தொண்ணூத்தி நாலு, நாப்பத்தி மூணு..."

மீதியும் தடங்கலில்லாமல் வந்தது.

நர்ஸ் ஜன்னலோரம் போய்ப் பேசினாள். அவர் பெயரைச் சொன்னாள். விழுந்ததைச் சொன்னாள். பிறகு கைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

எண் கைமாறியிருக்கும் என்று நினைத்தார். வேறு யாரோ எடுத்திருப்பார்கள். அப்படி நினைத்தது ஆறுதலாக இருந்தது. வலிக்கவும் செய்தது.

நர்ஸ் வேகமாகத் திரும்பி வந்தாள்.

"உங்களுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காதாமே? ஒருவாட்டி மூச்சே நின்னு போச்சாமே? இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா?"

அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மகன் பிறப்பதற்கு முந்தைய வருஷம். எந்த ஆஸ்பத்திரி என்பதுகூட மறந்துவிட்டது.

நர்ஸ் சிவப்புப் பேனா எடுத்து, கேஸ் ஷீட்டின் தலைப்பில் பெரிதாக எழுதினாள்.

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க. இதைச் சொல்லிட்டு வச்சுட்டாங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ டிபன் கேரியரைத் திறந்தார்கள். ரசம் மணத்தது.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்? உறவு எழுதணும்."

அவர் அந்தச் சிவப்பு எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவங்கன்னு எழுதிக்கம்மா."