அரைச்சுற்று

ஒன்பது வருடமாகக் கொட்டகையில் கிடந்த டிராக்டரின் இன்ஜின் சுழல்கிறதா என்று பார்க்க மெக்கானிக் வந்திருந்தார். அதை ஓட்டியவரும் அதே ஒன்பது வருடமாகக் கைகால் விளங்காமல் உள்ளறையில் மல்லாந்து கிடந்தார்.

மெக்கானிக் சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, ஸ்பானரை மாட்டித் திருப்பினார். வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் இன்ஜின் அரைச்சுற்று சுழன்றது.

உள்ளேயிருந்து, படுத்துக் கிடந்தவரின் மனைவி ஓடிவந்தார். "அண்ணே, அவர் தானா புரண்டு சுவரைப் பார்த்துப் படுத்துட்டாரு!"

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்பானரைப் பின்னுக்குத் திருப்பினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "மறுபடி மல்லாந்துட்டாரு."

மூன்று முறை செய்து பார்த்தார்கள். மூன்று முறையும் அப்படியே.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கும்மா. எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல." அவர் கருவிகளை அள்ளினார்.

"போறதுக்கு முன்னாடி இன்னும் அரைச்சுற்று பின்னால திருப்பி விடுங்கண்ணே," என்றார் மனைவி. "சுவத்துக்கு எதிர்ப்பக்கம்தான் நான் படுக்கிறேன்."