கல்திட்டையின் உறவுக்காரி

கரட்டுக் குன்றின் மேலிருந்த கல்திட்டை என்ற பழங்காலக் கல்லறையைத் தோண்ட வந்த எல்லோரிடமும் ஆய்வாளர்கள் எச்சில் வாங்கினார்கள். மூவாயிரம் வருடத்து எலும்புகளுக்கு ஊரில் யார் உறவென்று அந்த எச்சிலை வைத்து மரபணுக் கருவி அரைமணியில் சொல்லிவிடும்.

"அஞ்சலைக்கா, உள்ளே இருக்கிற நாலு பேரும் உங்க வம்சம்தான்," என்றாள் ஆய்வாளர் நஸ்ரின். கூட வேலை செய்த பெண்கள் கைதட்டினார்கள். அஞ்சலைக்கு வெட்கமாகிவிட்டது.

"எப்படிம்மா செத்தாங்களாம்?"

நஸ்ரின் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "தூக்கத்துல இதயம் நின்னிருக்கணும்க்கா. பரம்பரைக் கோளாறு. நாலு பேருக்கும் முப்பது வயசுகூட ஆகல. உங்க வீட்ல யாராவது இப்படி...?"

"என் தம்பி. இருபத்தாறு வயசு. ராத்திரி படுத்தவன் எழுந்திரிக்கல. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு சொன்னாங்க."

சொல்லும்போதே மகள் தாரணியின் நினைவு வந்தது. கல்லூரி விடுமுறை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பாள். அஞ்சலை மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெயிலில் ஓடினாள்.

தாரணி அசையாமல் கிடந்தாள். அஞ்சலை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று சிணுங்கிக்கொண்டே எழுந்தாள் மகள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

பேருந்தில் தாரணி ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடினாள். அஞ்சலை எழுப்பினாள். கொஞ்ச தூரம் போனதும் மகள் மறுபடி மூடினாள். அஞ்சலை மறுபடி எழுப்பினாள்.