ஒரு கரண்டித் தேன்

வேண்டாம் என்று கரண்டியைத் தட்டிவிட்டாள் மகள். தேன் அம்மாவின் புறங்கையில் வழிந்தது.

வீணாக்க மனசு வருமா? நக்கினாள்.

நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

பச்சைக் கற்பூரம்.

தேனில் எப்படி? இன்னொரு தரம் நக்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. ஜாங்கிரிப் பாகில் ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் போடுவது இந்த ஊரிலேயே அவள் கடையில் மட்டும்தான். மாமனார் காலத்துப் பழக்கம். தினமும் அவள்தான் போடுகிறாள், ஆரஞ்சு கலர்ப் பொடி கலக்கிய அதே கையால்.



மகள் கனிஷ்காவுக்கு ஆறு வயது. கடையில் உடைந்த ஜாங்கிரி எல்லாம் அவள் வயிற்றுக்குள்தான் போகும். சித்திரையில் கண் மஞ்சளானது. கல்லீரல் வீங்கியிருக்கிறது, கலர்ப் பண்டம் எதையும் இனி கண்ணில் காட்டாதே என்றார் டாக்டர். அன்றோடு நிறுத்தினாள்.

ஏதோ ஆராய்ச்சியில் சாயம் கொடுத்த எலிகளுக்குத் தேனும் சேர்த்துக் கொடுத்தார்களாம், கல்லீரல் அவ்வளவாகக் கெடவில்லையாம். போனில் அதைப் பார்த்த நாள் முதல் காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. தான் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. பிள்ளைக்கு வாங்கியதைப் பெற்றவள் தின்பாளா?

மஞ்சள் இறங்கவே இல்லை.

போன வாரம் டாக்டர் சத்தம் போட்டார். இன்னும் எதையோ கொடுக்கிறாய் என்றார். இல்லவே இல்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

தேன் கொண்டுவருபவன் பவுன்ராஜ். கடையில் மிஞ்சும் ஜாங்கிரிப் பாகை டின்னில் வாங்கிப் போகிறவனும் அவன்தான். பூ இல்லாத மாசத்தில் தேனீக்குத் தீனி வைக்க என்பான். தேன் சுத்தமானதுதானே என்று முதல் நாளே கேட்டாள்.

"பிள்ளைக்குன்னு சொல்றீங்க, அதுல போய் கலப்பேனாக்கா?"

சிரித்தபடி சொன்னான். நம்பினாள்.

அடப்பாவி.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் போட்ட கலர். அவள் போட்ட கற்பூரம். அவள் ஊட்டிய கரண்டி.

இப்போது அவன் பாகு வாங்க வருகிற நேரம்தான். வரட்டும், சட்டையைப் பிடித்து உலுக்குகிறேன் என்று பாட்டிலோடு கடைக்கு ஓடினாள்.

அவன் இன்னும் வரவில்லை. கல்லாவுக்கு எதிரே ஒருத்தி நின்றிருந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளை ஜாங்கிரித் தட்டைப் பார்த்துக் கை நீட்டியது.

"கலர் கிலர் ஒண்ணும் போடலையேக்கா? பிள்ளைக்குத்தான்."

தினமும் யாராவது கேட்பதுதான். குங்குமப்பூதான் போடுகிறோம் என்று தினமும் சிரித்தபடி சொல்வாள்.

சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கில் இன்னும் கற்பூரம் மணந்தது.

அந்தப் பிள்ளை நீட்டிய கையை மடக்கவில்லை.