மூலக் கட்டுரை

"உன் அசைன்மென்ட் தொண்ணூற்று நாலு சதவீதம் காப்பி" என்று சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டை மேசையில் வீசினார் பேராசிரியர் சண்முகவேல். "மிச்சம் ஆறு என்னம்மா, உன் பேரும் ரோல் நம்பருமா?"

ஜெமிமா தலைகுனிந்து நின்றாள். துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளே இப்படித்தான், சுயமாக நாலு வரி எழுதத் துப்பில்லை என்று அவருக்குள் ஓடியது.

"யாரோட எழுத்துல கை வெச்சிருக்கே தெரியுமா? போன மாசம் அச்சுல வந்த என் கட்டுரை. எண்ணூர்ல, அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டின ஆத்துல, ரெண்டு வருஷம் கால் புதைய நடந்து எழுதினது."

"உங்களுதா சார்?" அவள் நிமிர்ந்தாள். "நான் சாயங்காலத்துல கல்மண்டபத்துல ஒரு டிடிபி கடையில வேலை செஞ்சிகினு இருக்கேன். யாரோ புரொபசருக்கு அர்ஜண்டா ஒரு கட்டுரை எழுதித் தரணும்னாரு ஓனரு. டைம் இல்ல. காலேஜுக்கு எழுதி வெச்சிருந்த என்னோடதையே குடுத்துட்டேன்."

சண்முகவேல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நாலாம் பக்கத்துப் போட்டோல முட்டி வரைக்கும் சாம்பல்ல நிக்கிறது எங்க நைனா சார்" என்றாள் ஜெமிமா. "உங்க பேரைப் போடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி படிச்சாவது பாத்திருக்கலாம்."