சிவப்பு மையில் முப்பத்தேழு

மாட்டுங்கா ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட இரும்புப் பெட்டியை, தாராவி காயலான் கடைக்காரர் கரீம் பாட்சா ஒரு வாரமாகியும் உடைக்கவில்லை.

"வாசல அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. உடைச்சா செம்பாச்சும் தேறும்லா?" என்று மனைவி ஆபிதா அதன் கதவை விரியத் திறந்துபோட்டாள்.

"கதவுல செவப்பு மையில முப்பத்தேழு டிகிரின்னு எழுதியிருக்கு பாரு. எண்பத்தாறுல டாக்டரம்மா இதைக் கண்ணாடி வழியாக் காட்டினாங்க. கொஞ்சம் சூடு கொறஞ்சாலும் கரு வளராதாம். அதனால கதவையே அதிகம் திறக்க மாட்டாங்களாம்."

"எந்தக் கரு?"

"உன் வயித்துக்கு வர்றதுக்கு முன்னால, நம்ம மதீனா ரெண்டு நாள் இதுக்குள்ளதான் இருந்தா."

ஆபிதா முந்தானையால் உள்தட்டின் தூசியைத் துடைத்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"சும்மா சும்மா திறக்காதீய. சூடு போயிரும்."