மொம்பாசாத் தூள்

"தூளை மொதல்ல போடணும். அப்புறம் பச்சத் தண்ணி. கொதிதண்ணி பட்டுச்சுன்னா அவ்வளவும் செத்துரும்."

தோட்டத்துத் தேயிலை பேக்டரியின் டீமேக்கர் ஞானரட்ணம் பால்மா டின்னின் மூடியை நெம்பித் திறந்தார். பக்கத்தில் நின்ற கிளாக்கர் கந்தப்பனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏங்க டீமேக்கரே, தேயிலைக்கு உசுரு வேற இருக்கா?"

"தேயிலை இல்லைங்க. மீனு!"

மொம்பாசாவில் வேலை பார்க்கும் கூட்டாளி தபாலில் அனுப்பியது அது. பார்வைக்குக் கறுப்புத் தூள். உள்ளே கில்லி மீனின் முட்டைகள். அந்த ஊரில் கோடையில் குட்டை வற்றினால் மீன்கள் செத்துப்போகும், முட்டைகள் மட்டும் சேற்றுத் தூளில் தூங்கிக் கிடந்து மழைக்குப் பொரிக்குமாம். மூன்று மாதம் மூடியைத் திறக்கக் கூடாது என்று கூட்டாளி எழுதியிருந்தான்; அந்தக் கெடு இன்றோடு முடிந்தது.

கந்தப்பன் டின்னை மோந்து பார்த்தார். "தேயிலை வாசம்தான் அடிக்குது."

"இந்தத் தோட்டத்துல எதுதான் அடிக்கல? என் தலகாணியும் அதே வாசம்தான்."

"சரி, பொரிச்சா ஆணு எது, பொண்ணு எதுன்னு எப்படித் தெரியும்?"

"ஆணுக்கு வாலு மொளகாப்பழமா செவந்திருக்கும். ஒடம்பு நீலம். பொண்ணு வெறும் சாம்பல்."

"அங்கயும் பொண்ணு பொழப்பு சாம்பல்தானா?" என்றபடி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள் ஞானரட்ணத்தின் மனைவி தெரேசா. "கேளுங்க கிளாக்கரய்யா. கொழும்புக்குப் போற தேயிலை சாம்பிள் டின்னைக்கூடப் போன வாரம் நாந்தான் அலமாரியில இருந்து எடுத்து, துணி சுத்தித் தச்சு, அரக்கு வச்சு அனுப்புனேன். இவரு இந்தத் தொட்டிக்கு மணலு கழுவிக்கிட்டு இருந்தாரு."

கந்தப்பனின் சிரிப்பு நின்றது.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். மூணு தடவை நம்ம தூளு மட்டம்னு கொழும்புல தூளு வாங்குறவன் எழுதிட்டான். இந்தத் தடவையும் அப்படி வந்தா, உங்க சீட்டைக் கிழிச்சிருவேன்னு தொரை சொல்லிட்டாரு. கடுதாசி டைப் அடிச்சு வச்சாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

"மாதாவே!" தெரேசா சிலுவை போட்டுக்கொண்டாள்.

தபால் வரும் நேரம் என்று கந்தப்பன் ஆபீசுக்குக் கிளம்பினார். ஞானரட்ணம் தூளைத் தொட்டியில் கொட்டி, தண்ணீரை ஊற்றி, பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

தண்ணீர் மஞ்சளானது. அரை மணியில் செம்பு நிறமானது.

"ஊறுது தெரேசா, ஊறுது! ஆப்பிரிக்கா மண்ணுல்ல!"

ஒரு மணி நேரம் போயிற்று. வாலும் இல்லை, தலையும் இல்லை.

அவர் ஒரு கரண்டி தண்ணீரை மொண்டு, பழக்கதோஷத்தில் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"இது நம்ம பேக்டரித் தூளுடி."

"அய்யய்யோ! அப்ப நான் தச்சு அனுப்புன டின்னு?"

ஞானரட்ணம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அலமாரியில் இரண்டு பால்மா டின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது அவரேதான்.

வாசலில் மூச்சிரைத்தது. கந்தப்பன், கையில் தந்தியோடு.

"கொழும்புல இருந்து!"

"நான் சட்டி பானையக் கட்டுறேன்," என்று தெரேசா உள்ளே திரும்பினாள்.

ஞானரட்ணம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "படிங்க. மெதுவா வேணாம், ஒரே மூச்சுல படிச்சிருங்க."

கந்தப்பன் படித்தார்:

"'உங்க தோட்டத்துல இருந்து வந்ததுலயே இதுதான் ருசி, இதே தூளு அம்பது பெட்டி உடனே அனுப்புங்க.'"